ஒண்ணும் செய்ய வேண்டாம்

ஜூலை மாதத்தில் கருவாடு போடுகிறவளுக்குக் கண் இரண்டும் வானத்தில்தான் இருக்கும். கை தன்பாட்டுக்கு மீனைப் பிளந்துகொண்டிருக்கும். எப்பிங்குக்கு இது ஊறிப்போன பழக்கம். கோயிலில் பாதிரியார் பிரசங்கம் பண்ணும்போதுகூட ஜன்னல் வழியாக மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். மக்தான் தீவின் கொர்டோவா கரையில் தன்னைப்போல ஓரா மீன் பிளக்க ஆள் கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். பிறத்தியார் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிற ரகம் இல்லை அவள்.

ஓரா மீனின் முதுகு முள் குத்தினால் அன்றைக்கு முழுக்கக் கை கடுக்கும். அந்த முள்ளுக்குத் தப்பி முதுகோடு கத்தியை இழுத்து, விரித்து, குடலை வழித்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மூங்கில் தட்டியில் தோல் கீழே இருக்கும்படி பரப்ப வேண்டும். நல்ல வெயில் ஒரு நாள் அடித்தால் போதும், கருவாடு கண்ணாடியாய் மின்னும். ஜூலையில் அந்த ஒரு நாள் வெயிலுக்குத்தான் பஞ்சம். ஒரு துளி விழுந்தால் கரையில் உள்ள பெண்கள் எல்லோரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அப்படி ஓடி மூடிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் மகள் ரோவெலின் வந்தாள். சனிக்கிழமை மத்தியானம் அவள் வருகிற நேரம். மக்தான் தீவின் அந்தப் பக்கம் இருக்கிற இங்கிலீஷ் பள்ளியில் டீச்சர் வேலை. வாரம் முழுக்கப் பள்ளிக்குப் பின்னாலிருக்கிற விடுதியில் தங்கல். வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களைக் கண்டால் அந்த ஊரில் பிள்ளைகள் செய்கிற மரியாதை அது.

"கையக் கழுவ விடேன்டி. நாறுது."

"நாறட்டும், குடும்மா."

வாராவாரம் இதே பேச்சுத்தான். நெற்றியில் ஒட்டிய மீன் செதிளைத் துடைக்காமலே ரோவெலின் வீட்டுக்குள் வளையவருவாள். அவள் அப்பா லூசியோ, "டீச்சரம்மா நெத்தியில வெள்ளிக்காசு ஒட்டிக்கிட்டா பாரு" என்று கேலி செய்வார்.

அன்றைக்கு அவள் ஒரு சேதியோடு வந்திருந்தாள். கொரியாவிலிருந்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கோடைப் படிப்புக்கு வந்து பத்து நாளாகிறது. அலமாரி அகலத்துக்குத் தடுத்த அறையில் ஒரு டீச்சரும் ஒரு பிள்ளையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை முகத்தை முகம் பார்த்து இங்கிலீஷ் பேச வேண்டும். அதுதான் படிப்பு. படிப்பு முடிவதற்குள் ஒரு நாள் உள்ளூர்க் குடும்பம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் திட்டத்தில் உண்டு. மேனேஜர் கிளெண்டா மேடம் ரோவெலினைக் கூப்பிட்டு, உங்கள் வீடு கடலோரம்தானே என்று கேட்டிருக்கிறாள்.

"எதுக்குடி நம்ம வீடு?" என்றாள் எப்பிங்.

"தெரியலம்மா. நாலஞ்சு டீச்சர் நின்னோம். என்னைப் பாத்துதான் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வாங்க மேடம்னேன். வேற என்ன சொல்றது? இந்த மாசக் கடைசில என் பேப்பர் அவங்க மேஜைக்குத்தான போகும்."

அந்தப் பேப்பர் விஷயம் எப்பிங்குக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். மேனேஜர் தலையாட்டினால் இன்னொரு ஐந்து மாதம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு தடவையும் தலையாட்டல் கிடைக்கும்வரை எப்பிங்குக்குச் சோறு இறங்காது. வேலை போனால் பெண்ணும் போய்விடுவாள் என்பதுதான் அவள் பயம். பக்கத்து வீட்டுத் திலிங்கின் தங்கை இப்படி ஒரு வேலை போய்த்தான் சவூதிக்கு வீட்டுவேலைக்குக் கிளம்பினாள். ஏழு வருஷமாகப் போனில் முகம் தெரிவதோடு சரி. தன் மகள் சனிக்கிழமைதோறும் வந்து கையை வாங்கி ஒற்றிக்கொள்கிற தூரத்தில் இருக்க வேண்டும். எப்பிங்குக்கு வேறு ஆசை கிடையாது.

"இன்னொண்ணும் சொன்னாங்கம்மா. நாம ஒண்ணும் செய்ய வேண்டாமாம். வீடு எப்படி இருக்கோ அப்படியே இருந்தாப் போதுமாம். மூணு தடவை சொன்னாங்க."

எப்பிங் சிரித்துவிட்டாள். "மூணு தடவையா? அப்ப பெருசா எதிர்பாக்கறாடி."

அந்தக் கரையில் பிறந்த யாரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு விருந்து வை என்று எந்த விருந்தாளி வாய்விட்டுச் சொல்லுவான்? ஒண்ணும் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் அது மரியாதை. இரண்டு தடவை சொன்னால் தாகமாக இருக்கிறான் என்று அர்த்தம். மூன்று தடவை சொன்னவனுக்குப் பன்றி அடிக்காமல் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் வருவதாகப் பேச்சு. எப்பிங் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் லூசியோவைப் பிடித்தாள். அவர் அடுத்தவர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கரையில் இருக்கும் நேரம் பாட்டு மெஷினுக்கு முன்னால் மைக்கும் கையுமாக இருப்பார். அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து வாசல் சுவருக்குப் பச்சை பூசச் சொன்னாள். ஜன்னல் வரைக்கும் வந்ததும் பெயிண்ட் தீர்ந்துபோயிற்று. பக்கச் சுவர் வெறும் சிமெண்டுக் கல்லாகவே நின்றது.

"முன்னால நின்னு பாக்கறவன் பக்கத்துச் சுவர எதுக்குப் பாக்கப்போறான்?" என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

கொட்டிலில் நின்ற பன்றி, ஊர்ச் சாமி சான் ரோக்கேயின் திருவிழாவுக்கு வளர்த்தது. திருவிழாவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அதை இப்போதே சுடலாம் என்று அவள் சொன்னதும் லூசியோ முகம் சுருங்கிற்று.

"சாமிக்கு என்ன பதில் சொல்லப்போற?"

"சாமிக்குத் தெரியாதா நம்ம புள்ள வேலை கஷ்டம்? நாயைக் கூடவே வச்சுக்கிட்டு நிக்கிற சாமி, பன்னிக்கா கோவிச்சுக்கப்போகுது?"

சோபா திலிங் வீட்டிலிருந்து வந்தது. அவள் புருஷன் கப்பல்காரன். சோபா வாங்கி நாலு வருஷமாகியும் மேலே சுற்றிவந்த பிளாஸ்டிக்கை அவள் கழற்றவில்லை. கழற்றக்கூடாது என்கிற கண்டிஷனில்தான் கொடுத்தாள். பூப்போட்ட திரைச்சீலை, கண்ணாடித் தட்டுகள், பெரிய டீவி எல்லாம் அவள் வீட்டு வழியாகவே வந்தன. அவளிடம் போய் நிற்பது எப்பிங்குக்குப் பாகற்காயாகத்தான் கசந்தது. மகளுக்காக நின்றாள்.

கடைசியில் நாற்றப் பிரச்சினை வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கக்கூடாதே என்று வியாழக்கிழமை மூங்கில் தட்டிகளை எல்லாம் பிரித்துப் பின்பக்கம் அடுக்கினாள். பிளந்து வைத்திருந்த இரண்டு தொட்டி மீன் மிச்சமிருந்தது. அதை அலையாத்தி மரத்தடிக்கு இழுத்துப்போய்ப் பாயைப் போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமை முழுக்க மழை. சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பாயைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாய் நெளிந்தது. பிறந்ததிலிருந்து மீனோடு கிடந்தவளுக்கே உடம்பு கூசிற்று. சட்டென்று மூடிக் கல்லை ஏற்றிவைத்தாள். ஒரு மீனைக்கூடக் கெடவிடாதவள் இரண்டு தொட்டியைக் கெடவிட்டுவிட்டோமே என்று வயிறு எரிந்தது. சரி, மகளுக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கலமன்சி எலுமிச்சையைப் பிழிந்து முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். மகள் பட்டம் வாங்கிய அன்று தைத்த ஊதா உடுப்பைப் போட்டுக்கொண்டாள்.

வாசலில் பன்றி கழியில் சுழன்று, எலுமிச்சைப்புல் வாசனையோடு தோல் சிவந்து முறுகிக்கொண்டிருந்தது. தென்னங்குருத்துப் பொட்டலச் சோறு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. மொறுமொறுவென்று முறுகிய காதுத் தோலை மட்டும் எப்பிங் அறுத்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்தாள். அது ஹேவோன் என்கிற பெண்ணுக்கு. ரோவெலினிடம் படிக்கிற பிள்ளை அவள். தடுப்பறைக்குள் உட்கார்ந்து அம்மாவை நினைத்து அழுவாளாம். தன் சாப்பாட்டில் வரும் கடற்பாசியை டீச்சருக்குப் பாதி கொடுத்துவிடுவாளாம். பார்க்காமலே அந்தப் பெண்மீது எப்பிங்குக்கு ஒரு பாசம் விழுந்திருந்தது.

பிள்ளைகளின் வேன்களுக்கு முன்பாக ஒரு கார் வந்தது. கிளெண்டா மேடமும் ரோவெலினும் இறங்கினார்கள். மேடத்துக்கு நாற்பதைத் தாண்டிய வயது, வெள்ளைச் செருப்பு. மழைச் சேறும் மீன்தண்ணியும் கலந்த முற்றத்தில் போட்டிருந்த பலகைகளில் எது வழுக்கும் எது வழுக்காது என்று குனிந்துகூடப் பார்க்காமல் நடந்து வந்தாள். இவளும் மீன் முற்றத்தில் நடந்து பழகினவள்தான் என்று எப்பிங்குக்கு உடனே தெரிந்துவிட்டது. அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

மேடம் பச்சைச் சுவரைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், பன்றியைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"மிஸ் ரோவெலின், நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

எப்பிங் வாயெல்லாம் பல்லாகக் குறுக்கே வந்தாள். "அதுக்காக வெறும் வீட்டுலயா மேடம் உங்களை உக்கார வைக்கறது? பிள்ளைங்க எம்புட்டுத் தூரத்துலருந்து வருதுங்க."

"அம்மா, அந்தப் பிள்ளைங்க வீட்டுல இதவிடப் பெரிய சோபாவுல நாய் படுத்திருக்கும். அதப் பாக்கவா பிளேன் ஏறி வந்திருக்காங்க? கஷ்டப்படற குடும்பத்தப் பாக்கணும், தன் கையால அரிசி குடுக்கணும், போட்டோ எடுக்கணும். அதுதான் இன்னிக்குப் பாடம். அத வச்சுத்தான் நாளைக்குக் காலேஜ்ல இடம் கேப்பாங்க. அவங்க குடுக்க வர்றாங்கம்மா. வாங்கறதுக்கு ஒரு வீடு வேணும். பன்னி சுட்டு வச்சிருக்கிற வீட்டுல அரிசி மூட்டைய நான் எங்க இறக்குவேன்?"

எப்பிங்குக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை வீடு இருக்கிற கரையில், நாலைந்து டீச்சர்கள் நின்ற இடத்தில், இந்த மேடத்தின் விரல் தன் மகளை நோக்கி ஏன் நீண்டது என்பதும் புரிந்தது.

அரை மணி நேரத்தில் வேன் வந்துவிடும் என்று மேடம் அவசரப்படுத்தினாள். லூசியோவும் கார் டிரைவரும் சோபாவைத் தூக்கிக்கொண்டு திலிங் வீட்டுக்குத் திரும்ப நடந்தார்கள். டீவி போயிற்று, திரைச்சீலை போயிற்று, கண்ணாடித் தட்டுகள் போயின. சுடச்சுடப் பன்றியையும் கழியோடு தூக்கிப்போய்த் திலிங்கின் அடுப்படியில் கிடத்தினார்கள். திலிங் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிளாஸ்டிக் கிழியாமல் பார்த்து வையுங்கள் என்று மட்டும்தான் சொன்னாள். அவள் வேறு ஏதாவது குத்திப் பேசியிருந்தால்கூட எப்பிங்குக்கு இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது. பச்சைச் சுவரைப் பிய்த்துக்கொண்டு போக முடியாதே. அதை மறைத்துப் பள்ளிக்கூடத்துப் பேனரைக் கட்டினார்கள்.

அப்புறம் மேடம் எப்பிங்கின் ஊதா உடுப்பைப் பார்த்தாள். "வீட்டுல போடறது இருக்குமேம்மா" என்றாள். கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

வெளியே போடி என்று சொல்ல எப்பிங்குக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். ரோவெலின் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். எப்பிங் உள்ளே போய், மீன் பிளக்கும்போது போடுகிற பனியனை எடுத்து மாட்டினாள். ஏதோ பழைய தேர்தலில் கொடுத்த பனியன், நின்றவன் முகம் பாதி அழிந்துபோயிருந்தது. காய்ந்த மீன்ரத்தம் அக்குளில் உறுத்தியது.

கருவாடு போடுகிற வீட்டில் கருவாடு இல்லையா என்று மேடம் கேட்டாள். தட்டிகளைத் திரும்ப முற்றத்தில் வைக்கச் சொன்னாள். மீன் எங்கே என்று தேடிக்கொண்டு அவளே அலையாத்தி மரத்தடிக்குப் போய்க் கல்லைத் தள்ளிப் பாயைத் தூக்கினாள். நாற்றம் முகத்தில் அடித்தது. எப்பிங்கே ஒரு அடி பின்வாங்கினாள். மேடம் மூக்கைப் பொத்தவில்லை.

"இது கெட்டுப்போச்சு மேடம். வேண்டாம்."

"தூரத்துலருந்து பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

மேடம் நாலு மீனை விரல் நுனியால் எடுத்துத் தட்டியில் வைத்தாள். தோல் கீழே, சதை மேலே, வால் எல்லாம் ஒரே பக்கம். அவளை அறியாமலே கை அப்படி வைத்தது. எப்பிங் அந்தக் கையையே பார்த்தாள்.

"எங்கம்மாவும் பாந்தயான் தீவுல கருவாடுதான் போட்டாங்க" என்றாள் மேடம்.

"தெரிஞ்சும் ஏன் மேடம் இப்படி?"

"திரும்ப அங்க போகக்கூடாதுன்னுதான்." விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு ரோவெலினைக் கூப்பிட்டாள். "மிஸ், இது உங்க வீடுன்னு பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம். நம்ம டீச்சர் வீடே இப்படின்னா அவங்க அப்பா அம்மா ஸ்கூலப் பத்தி என்ன நினைப்பாங்க? நீங்க மொழிபெயர்க்க வந்திருக்கீங்க. அவ்வளவுதான்."

ரோவெலின் தலையாட்டினாள்.

இரண்டு வேன் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கின. எல்லோருக்கும் ஒரே மஞ்சள் பனியன். இறங்கிய வேகத்தில் மூக்கைப் பொத்தின. ஒரு பையன் வேனுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். கூட வந்த கொரியா வாத்தியார் இறங்கவே இல்லை. குளிர்ந்த வண்டிக்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஈக்களுக்கு அன்றைக்குத்தான் திருவிழா. தட்டியிலிருந்து பிள்ளைகளின் முகத்துக்கும் முகத்திலிருந்து தட்டிக்குமாகப் பறந்தன. கிளெண்டா மேடம் உருக்கமாக இங்கிலீஷில் பேசினாள். எப்பிங்குக்கு அதில் ஏழை என்கிற வார்த்தை தெரியும். அது எத்தனை தடவை வந்தது என்று அவள் எண்ணவில்லை, ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் தன்னைத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் பார்த்தாள்.

நாற்றம் பிடித்த மீனைவிட நாற்றமெடுத்த விஷயம் அடுத்து நடந்தது. அரிசி மூட்டையை வாங்க வைத்துப் படம் எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பக் கொடுத்து வாங்க வைத்தார்கள். எப்பிங் பழக்கதோஷத்தில் சிரித்தபோது, பல் தெரியாமல் சிரித்தால் போதும் என்று மேடம் காதில் சொன்னாள். மத்தி மீன் டின்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தார்கள். காலமெல்லாம் மீன் விற்றவள் கையில் டின் மீன். லூசியோ அதைப் பார்த்துச் சிரிக்கப்போய் இருமலாக்கிக்கொண்டார்.

கண்ணாடி போட்ட ஒரு நெட்டைப் பெண் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நேரே தட்டியிடம் வந்தாள். ரோவெலின் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து, இதுதான் ஹேவோன் என்று எப்பிங் கேட்காமலே கண்டுகொண்டாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து ஒரு மீனின் வயிற்றை விரலால் அமுக்கினாள். அமுக்கின இடம் மேலே வரவில்லை. டீச்சரிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் எப்பிங்.

"அது மீன்பிடித் துறைமுகத்துல வளந்த பொண்ணு. இது கெட்டுப்போன மீனாச்சே, இதையா காயப்போட்டு விக்கறாங்கன்னு கேக்குது."

எப்பிங்குக்கு முகம் பற்றி எரிந்தது. இந்தக் கூட்டத்தில் மீன் தெரிந்த ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை கண்ணுக்கா தான் அழுகல் மீன் விற்கிறவளாகத் தெரிய வேண்டும்? என் வீட்டு மீனில் ஓர் ஈயை உட்கார விடமாட்டேன், போய்க் கரையில் யாரை வேண்டுமானாலும் கேள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அதற்குள் மேடம் கையை விரித்து, இவர்களுக்கு வேறு வழியில்லை என்கிறமாதிரி இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டாள். ஹேவோன் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு எப்பிங்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தைத்தான் எப்பிங்கால் பொறுக்க முடியவில்லை. கிண்ணத்தில் எடுத்துவைத்த காதுத் தோல் ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டாள். ரோவெலின் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களான்னு கேக்குதுங்கம்மா."

எப்பிங் மகளின் முகத்தைப் பார்த்தாள். "ஒரே பொண்ணுன்னு சொல்லு. வெளியூர்ல நல்ல வேலையில இருக்கா."

ரோவெலின் சொன்னாள். அந்தப் பெண் சும்மா இருந்திருக்கலாம். கள்ளமில்லாமல் திரும்பக் கேட்டாள். இதை ரோவெலின் மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள், தன்னைத்தானே அறைந்துகொள்கிறவள் மாதிரி.

"நல்ல வேலையில இருக்கிற மக, அம்மாவ ஏன் இப்படி விட்டுருக்கான்னு கேக்குது."

"விடல. பாத்துக்கறா. சனிக்கிழமை சனிக்கிழமை வருவா."

அன்றைக்கும் சனிக்கிழமைதான்.

கடைசியாக மேடம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாள். பெரியவர்கள் கையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்கிற வழக்கத்தை அந்த வாரம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைச் செய்து காட்டிப் படம் எடுத்துக்கொண்டால் கிளம்பலாம். எப்பிங் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஒருத்தன் விரலை மட்டும் பிடித்தான். ஒருத்தி கையைத் தொடாமல் அரையடி உயரத்தில் தலையைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். தொட்ட கையோடு மருந்துத் தண்ணியைப் பீச்சிக் கையைத் தேய்த்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம். ஹேவோன் ஒருத்தி ஒழுங்காகச் செய்தாள். அவள் நெற்றியில் ஒரு செதிள் ஒட்டிக்கொண்டதை எப்பிங் பார்த்தாள்.

வரிசை முடிந்தது. வரிசையின் நுனியில் ரோவெலின் நின்றுகொண்டிருந்தாள். எப்பிங்கின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் எதையும் சோதித்துப் பார்க்க நினைக்கவில்லை. சனிக்கிழமை மகளைக் கண்டால் கை தானாக நீளும், அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகள் ஒற்றிக்கொண்ட கை. இவளும் ஒற்றிக்கொண்டால் யாருக்கு என்ன சந்தேகம் வந்துவிடப்போகிறது?

ரோவெலின் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி மேடத்தைப் பார்த்தாள். மேடம் தாடையைக் கொஞ்சம் அசைத்தாள். அதன்பிறகுதான் ரோவெலின் முன்னால் வந்து அம்மாவின் கையை எடுத்தாள்.

வீட்டைக் காலி பண்ணச் சொன்னது, உடுப்பை மாற்றச் சொன்னது, அழுகல் மீனைப் பரப்பியது, பெற்ற மகளை வெளியூரில் இருப்பதாகச் சொல்ல வைத்தது, எல்லாவற்றையும் எப்பிங் விழுங்கிவிட்டாள். பெண்ணின் வேலைக்காகத்தானே என்று விழுங்கினாள். அந்த ஒரு பார்வை மட்டும் தொண்டையில் மீன் முள்ளாய் நின்றுவிட்டது.

வேன்கள் போன பிறகு திலிங் வீட்டில் விருந்து நடந்தது. பன்றியை என்ன செய்வது, அக்கம்பக்கமெல்லாம் கூடித் தின்றார்கள். லூசியோ மூன்று பாட்டுப் பாடினார். மேடம் முறுகின தோலும் ஒரு தொடையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டுதான் காரில் ஏறினாளாம், டிரைவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். எப்பிங் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. தொட்டி மீனை முழுக்கக் கடலில் கொட்டிவிட்டுத் தட்டிகளைத் தேங்காய் நாரால் இருட்டும்வரை தேய்த்தாள். நாற்றம் போனமாதிரி தெரியவில்லை. கலமன்சியைப் பிழிந்து கையைத் தேய்த்தாள். பிள்ளைகள் தொட்ட இடத்தைவிட மகள் தொட்ட இடத்தைத்தான் ரொம்ப நேரம் தேய்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். ஒரு மாதமாகக் காணாத வெயில். கரை முழுக்கத் தட்டிகள் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. எப்பிங் புது மீனோடு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரோவெலின் வழக்கம்போல ஓடி வரவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று பேசினாள். கையெழுத்தாகிவிட்டது, இந்தத் தடவை ஐந்து மாதம் இல்லை, முழுசாக ஒரு வருஷம் என்றாள். அந்தக் கொரியாப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், ஹேவோன் போகும்போது அழுதாள் என்றாள். கடைசியாக இன்னொன்றும் சொன்னாள்.

"அடுத்த மாசம் ஜப்பான் பசங்க வர்றாங்கம்மா. மேடம் நம்ம வீட்டையே வச்சுக்கலாம்னு சொல்றாங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும்."

எப்பிங் மீனின் குடலை வழித்து வாளியில் போட்டாள். "வரட்டும். வீடு அப்படியேதான் இருக்கு. நான் ஒண்ணும் செய்யமாட்டேன்."

அம்மா சம்மதித்துவிட்டாள் என்று ரோவெலினுக்கு முகம் தெளிந்தது. படலை விட்டுவிட்டுக் கிட்டே வந்து, குனிந்து, அம்மாவின் கைக்காகத் தன் கையை நீட்டினாள்.

"கை நாறுது" என்றாள் எப்பிங்.

"நாறட்டும், குடும்மா."

எப்பிங் அப்போதுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"உன் மேடத்தக் கேட்டுட்டியா?"

ரோவெலின் நீட்டிய கையை மடக்கவில்லை. எப்பிங் தொட்டிக்குள் கையைவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.